அட்வான்ஸுக்கு முன்னால் அளந்துவிடுங்கள்

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது, வீட்டைச் சுற்றி மதில் இருக்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வீடு வாங்குகிறவர்கள் பலர் இந்த மூன்றையும் பார்த்த திருப்தியில் அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் எல்லை எங்கே ஓடுகிறது என்பதை இந்த மூன்றில் எதுவும் சொல்லாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்களின் விவரம் மட்டும்தான் இருக்கும். பட்டாவில் சர்வே எண்ணும் பரப்பும் இருக்கும். மதிலோ, கட்டியவர் நினைத்த இடத்தில் நிற்கும்.

எல்லையைச் சொல்வது புலப்படம். சர்வே அலுவலகத்தில் எஃப்.எம்.பி. என்பார்கள். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, கல்லுக்குக் கல் தூரம் குறித்த படம் அது. கிராமப் பகுதிகளுக்குத் தமிழக அரசின் இணைய சேவைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நகராட்சிக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர நில அளவை எண் ஆகியவற்றை வைத்துத் தேட வேண்டும்.

அடுத்து, பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தை நிதானமாகப் படியுங்கள். ‘இன்னார் வீட்டுக்கு வடக்கு’ என்று செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், இருந்தால், அந்த வீடு உங்களுக்குத் தெற்கே இருக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மனையையே மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. அளவுச் சொற்களிலும் கவனம் தேவை. புதுச்சேரியிலும் அதை ஒட்டிய பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலும் ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. தஞ்சைப் பக்கத்துக் குழியோ 144 சதுர அடிதான். பட்டா ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு ஏர்ஸ் ஏறத்தாழ 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தின் பரப்பும் பட்டாவின் பரப்பும் ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று தெரியும்வரை பணத்தைக் கையிலிருந்து விடாதீர்கள்.

டேப்பை எடுத்து நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி என்றால் 1,200 சதுர அடி என்று மனக்கணக்கு போடுகிறோம். நான்கு பக்கமும் சரியாக இருந்தாலும் மனை கோணலாக இருக்கலாம். மூலைக்கு மூலை அளந்தால் 50 அடி வர வேண்டும். 56 அடி வந்தால் பரப்பு சுமார் 1,157 சதுர அடிதான். 43 சதுர அடிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி நஞ்சையும் புஞ்சையும் மனைகளாகிவரும் ஊர்களில் வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு வரப்பை எல்லையாக வைத்திருப்பார்கள். புலப்படத்தில் அந்த வரப்பே இருக்காது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். மற்றொன்று ஏரி, ஓடை, வண்டிப்பாதைப் புறம்போக்கு. பக்கத்து சர்வே எண்களையும், நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டில் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டிச் சென்றது. நீர்நிலைக்குள் நீளும் வீட்டை ஒரு நாள் வெள்ளம் தேடி வரும், இன்னொரு நாள் நோட்டீஸ் தேடி வரும். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டமே தமிழ்நாட்டில் இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அந்த இடத்தை உங்களுடையதாக்காது.

இவ்வளவு பார்த்த பிறகும் புலப்படத்தைத் தரையில் பொருத்திக் காட்ட அரசு சர்வேயர் வர வேண்டும். தனியார் சர்வேயரின் அளவை உங்களுக்குத் தெளிவு தரும். பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. அரசு அளவைக்கு மனு செய்ய வேண்டியவர் பட்டாதாரர். அதாவது, வாங்கப் போகிற உங்களால் முடியாது, விற்பவர்தான் செய்ய வேண்டும். அலுவலகங்களில் எஃப்-லைன் மனு என்கிறார்கள்; தமிழ்நிலம் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம். அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு போகும், அளந்து கல் காட்டுவார்கள். இதை முடித்துக்கொடுப்பது விற்பவர் பொறுப்பு என்றும், பரப்பு குறைந்தால் விலை குறையும் அல்லது அட்வான்ஸ் திரும்பும் என்றும் கிரைய ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ‘நம்பிக்கை இல்லையா?’ என்று விற்பவர் கோபித்துக்கொண்டால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

எல்லைக் குறையை வாங்கிய பிறகு சரிசெய்வது ஏன் கடினம்? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவின்படி சொத்தில் உள்ள முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கும் குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மதில் இரண்டடி தள்ளி நிற்பதை அளந்திருந்தால் தெரிந்திருக்குமே என்பார்கள். பக்கத்து வீட்டார் அந்த இரண்டடியைத் தமக்கே உரியதென்று 12 ஆண்டுகள் வெளிப்படையாக அனுபவித்திருந்தால், காலவரையறைச் சட்டப்படி உங்கள் உரிமையே போய்விடலாம். அந்த ஆண்டுகள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. விற்றவர் காலத்திலேயே ஓடத் தொடங்கியிருக்கும்.

ஏற்கெனவே வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி நீங்களே அளவைக்கு மனு கொடுங்கள். தகராறு உரிமையைப் பற்றியது என்றால் தாசில்தாரால் தீர்க்க முடியாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் ஆணையரை சர்வேயரோடு அனுப்பி அளக்கக் கேட்கலாம். பத்திரத்தில் நில எண் தவறி, நான்கு எல்லைகள் சரியாக இருந்தால் எல்லைகளே மேலோங்கும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் ஷியோத்யான் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே எண் பிழையைக் கண்டு நம்பிக்கை இழக்க வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.