துணி போர்த்திய பெல்மெட்

துணி போர்த்திய பெல்மெட் என்பது சன்னலுக்கு மேல், திரைச்சீலைக் கம்பியை மறைத்துச் சுவரில் பொருத்தப்படும் பெட்டி போன்ற மர அமைப்பு ஆகும். அமெரிக்காவில் இது கார்னிஸ் எனப்படுகிறது. பெல்மெட் என்பது பிரித்தானிய வழக்கு. இந்தியத் தச்சர்களிடமும் இச்சொல்லே புழங்குகிறது. முகப்புப் பலகை, இரு பக்கப் பலகைகள், மேற்பலகை ஆகியவை இதன் பாகங்கள். பின்புறமும் அடிப்புறமும் திறந்திருக்கும்.

மேற்பலகை கண்ணில் படாதது என்பதால் சிலர் அதை விட்டுவிடுகின்றனர். ஆனால் பெல்மெட்டின் பயன் பெரிதும் அதில்தான் உள்ளது. குளிர்காலத்தில் அறையின் வெப்பக் காற்று திரைக்கு மேலுள்ள இடைவெளி வழியே சென்று, கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, தரையோரமாக அறைக்குள் திரும்புகிறது. வெயில் படும் சன்னலில் இது தலைகீழாக நடக்கும்: திரைக்குப் பின்னால் சூடேறிய காற்று மேலெழுந்து அறைக்குள் பரவும். மேற்புறத்தை மூடினால் இரண்டு சுழற்சிகளும் தடைபடும். முகப்பு மட்டுமுள்ள பெல்மெட் கம்பியை மறைக்கும், அவ்வளவே.

செய்முறை

சன்னலின் அகலத்தை அல்ல, முனைக் குமிழ்கள் உட்படக் கம்பியின் முழு நீளத்தை அளந்து, சில செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். கம்பி சுவரிலிருந்து தள்ளி நிற்கும் தொலைவைவிடப் பக்கப் பலகை சுமார் 5 செ.மீ. அகலமாக இருக்க வேண்டும். இல்லையெனில் திரை முகப்பில் உரசும். உயரம் பொதுவாகத் திரையின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. 210 செ.மீ. திரைக்கு இது 35 செ.மீ. ஆகும். தாழ்ந்த கூரையுள்ள அறையில் 25 செ.மீ. போதும்.

12 மி.மீ. பிளைவுட் பலகைகளைப் பசையும் திருகாணியும் கொண்டு இணைத்து, முகப்பிலும் பக்கங்களிலும் மெல்லிய ஃபோம் ஒட்டப்படுகிறது. துணியை நான்கு புறமும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டி, உட்புறம் மடித்து ஸ்டேப்லர் கன்னால் அடிக்க வேண்டும். நடுவில் தொடங்கி முனைகளை நோக்கிச் செல்வது முக்கியம். முனையில் தொடங்கினால் துணி கோணலாக இழுபட்டு, கோடுகளோ பூக்களோ சாய்ந்துவிடும். துணியின் அகலம் போதாவிட்டால் முழுத் துண்டை நடுவில் வைத்து, ஒட்டுகளை இரு ஓரங்களில் சேர்ப்பர். நடுவில் விழும் தையல் கண்ணை உறுத்தும்.

தலைக்கு மேலிருக்கும் பொருள் என்பதால் ஆணியை மட்டும் நம்பக்கூடாது. சுவரில் துளையிட்டு, பிளக் செருகி, எல் வடிவ இரும்புத் தாங்கிகளைத் திருகிய பின், அவற்றின் மீது மேற்பலகையை வைத்து அடியிலிருந்து திருக வேண்டும். சன்னலுக்கு மேல் பெரும்பாலும் கான்கிரீட் லிண்டல் இருப்பதால் சுத்தியல் இயக்கமுள்ள டிரில் தேவைப்படும்.

ஸ்டேப்லரால் அடித்த துணியைக் கழற்றித் துவைக்க முடியாது என்பது இதன் குறை. தூசியைக் குறுந்தூரிகையாலோ வேக்குவம் கிளீனராலோ நீக்கலாம். எண்ணெய்ப் புகை படியும் சமையலறைக்கு இது ஏற்றதன்று.