ஒரு நொடிக்கு நான்கு மணி நேரம்

யான்புவில் இரவு 9 மணி என்றால் ஊரில் பதினொன்றரை. அந்த நேரத்தில் அக்கா மகன் கூப்பிட்டால் ஏதோ சிக்கல் என்று பொருள். எம்.இ. இறுதியாண்டு மாணவன், ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு வாரம்தான் பாக்கி. "மாமா, லினக்ஸ் இன்னும் பூட் ஆகிக்கிட்டே இருக்கு. இன்னிக்கு நாலாவது நாள்" என்றான்.

எனக்கு இங்கே சுத்திகரிப்பு ஆலையில் அளவீட்டுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. கணினிக் கட்டமைப்பு கல்லூரியில் படித்ததோடு சரி. அவனுக்காக மறுபடி புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரு புதுப் பிராசசரை வடிவமைக்கிறவர்கள் அதை நேராகச் சிலிக்கானில் வார்த்துவிடுவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டத்தை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அங்கே உருவான ரிமோ சில்லு 2018இல் சண்டிகரில் 180 நானோமீட்டர் முறையில் தயாரானது. புத்தகம் என்றால் பிழைதிருத்தம் ஒட்டலாம், சில்லில் முடியாது. ஆகவே இத்துறையில் முதலில் மென்பொருளால் ஒரு பாவனைக் கணினி செய்து, அதில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பிராசசர் மட்டுமல்லாமல் நினைவகம், வட்டு, இயங்குதளம் எல்லாம் சேர்ந்து ஓடினால் அது முழு அமைப்புச் சிமுலேஷன். ஆய்வாளர்களிடையே பரவலாகப் புழங்கும் ஜெம்-5, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்-5, விஸ்கான்சினின் ஜெம்ஸ் ஆகிய இரண்டும் இணைந்து பிறந்தது. அதைப் பற்றிய கட்டுரை 2011இல் வந்தது.

சிக்கல் வேகத்தில். இன்றைய பிராசசர் நொடிக்குச் சுமார் 300 கோடி ஆணைகளை நிறைவேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆணையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று கணக்கு வைக்கும் நுணுக்கமான சிமுலேட்டரோ நொடிக்கு 2 லட்சத்தைத் தாண்டவே திணறும். வகுத்துப் பார்த்தால் 15,000 மடங்கு. நிஜத்தில் ஒரு நொடி, இங்கே நான்கு மணி நேரத்துக்கும் மேல். அரை நிமிட வேலைக்கு ஐந்து நாள். மருமகனின் லினக்ஸ் நான்காம் நாளும் எழுந்திருக்காததில் வியப்பில்லை.

பூட் ஆவதை அவன் நுணுக்கமாக ஓட்டியதே வீண். அவன் ஆய்வு இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகத்தை 1 மெகாபைட்டிலிருந்து 2 ஆக்கினால் என்ன பயன் என்பது. லினக்ஸ் எழுந்திருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாவனைக் கணினியும் அதை ஓட்டும் கணினியும் ஒரே ஆணை மொழி பேசினால், கே.வி.எம். என்னும் லினக்ஸ் வசதியைக் கொண்டு ஆணைகளை நிஜப் பிராசசரிடமே கொடுத்துவிடலாம். கிட்டத்தட்ட நிஜ வேகம் கிடைக்கும். (சக்தி பேசுவது ரிஸ்க்-ஃபைவ் மொழி. சாதாரண மடிக்கணினியில் அதற்கு இந்தக் குறுக்குவழி இல்லை.) எழுந்ததும் நிலையை அப்படியே வட்டில் சேமித்துக்கொண்டால், அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆய்வுக்குரிய நிரலையாவது முழுதாக ஓட்ட வேண்டாமா? வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் பானை முழுதும் ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் அது செல்லும். நிரலோ ஓரிடத்தில் கோப்பைப் படிக்கும், ஓரிடத்தில் கணக்குப் போடும், ஓரிடத்தில் வரிசைப்படுத்தும். 2002இல் சான்டியாகோவில் உருவான சிம்பாயிண்ட் முறை இத்தகைய கட்டங்களை இனம் பிரித்து, இனத்துக்கு ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஸ்மார்ட்ஸ், தேர்தல் கருத்துக்கணிப்புக்காரர்களைப் போல, நிரல் நெடுகச் சீரான இடைவெளியில் ஆயிரம் ஆயிரம் ஆணைகளாகப் பொறுக்குகிறது. நிரலுக்கு 5 கோடிக்கும் குறைவான ஆணைகளை நுணுக்கமாக ஓட்டியே, சராசரியாக 0.64 சதவீதப் பிழையோடு விடை கண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து மருமகன் உற்சாகமாகக் கூப்பிட்டான். கே.வி.எம்.மில் விரைந்து போய், முப்பது இடங்களில் லட்சம் லட்சம் ஆணைகள் எடுத்தானாம். முடிவு: கேஷை இரட்டிப்பாக்கியதில் எந்தப் பயனும் இல்லை. "அப்படியே எழுதிடட்டுமா மாமா?"

எனக்கு எங்கள் ஆலைதான் நினைவுக்கு வந்தது. பராமரிப்புக்கு நிறுத்திய பிரிவை மறுபடி கிளப்பினால் முதல் சில மணி நேரத்து அளவீடுகளை வைத்து யாரும் உற்பத்தித் திறனைக் கணக்கிட மாட்டோம். உலை சூடேறி, வெப்பநிலை நிலைக்கு வந்த பிறகுதான் அந்த எண்களுக்கு மதிப்பு. "உன் கேஷ் சூடாகியிருந்ததா?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமில்லை.

நிஜப் பிராசசர் ஆணைகளை ஓட்டும்போது பாவனைக் கேஷுக்கு ஒன்றுமே தெரியாது, காலியாகவே கிடக்கும். 2 மெகாபைட் கேஷில் 64 பைட் கொண்ட வரிகள் 32,768. லட்சம் ஆணைகளுக்குள் அது நிரம்ப வழியே இல்லை. சின்னக் கேஷே நிரம்பாதபோது பெரிய கேஷ் எதைக் காட்டும்? விரைந்து போகும் முறை எதுவோ அது அந்த அளவுக்குக் குருடாகவும் இருக்கிறது. ஸ்மார்ட்ஸ் இடைவெளிகளிலும் கேஷைப் புதுப்பித்துக்கொண்டே போகும், அதனால் மெதுவாகும். 2015இல் உப்சாலா பல்கலைக்கழகத்தார் ஒரு நடுவழி சொன்னார்கள்: கே.வி.எம்.மில் பறந்து போ, குறித்த இடத்துக்குச் சற்று முன்னே எளிய பாவனைக்கு மாறிக் கேஷை நிரப்பு, பிறகு நுணுக்கமாக அளந்துகொள்.

எத்தனை ஆணைகள் நிரப்பினால் போதும்? சூத்திரம் ஏதும் கிடையாது. நிரப்பும் நேரத்தை இரட்டிப்பாக்கிப் பார்க்கச் சொன்னேன். விடை நகர்ந்தால் இன்னும் போதவில்லை. மூன்று முறை நகர்ந்தது, நான்காம் முறை நின்றது. ஒவ்வோர் இடமும் தனித்தனி ஓட்டம் என்பதால் கல்லூரி ஆய்வகத்தின் கணினிகளில் இரவு நேரத்தில் பிரித்துப் போட்டு ஓட்டினான். இரட்டிப்புக் கேஷின் பயன் இப்போது தெளிவாகத் தெரிந்தது, வரிசைப்படுத்தும் கட்டத்தில் மட்டும். கோப்பைப் படிக்கும் கட்டத்தில் பழையபடி ஒன்றுமில்லை.

முதலில் எழுதிய முடிவுரையை அவன் கிழித்துப் போட்டான். காலியான கேஷில் வந்த வரைபடத்தை மட்டும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் விட்டிருக்கிறான்.