ஸ்க்ரூஜ் வாத்தின் கடன் கணக்கு

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1983 டிசம்பரில் வெளியிட்ட ‘மிக்கியின் கிறிஸ்துமஸ் கரோல்’ அரைமணி நேரம்கூட ஓடாத சித்திரப்படம். குழந்தைகளுக்கான வேடிக்கை என்றே பலரும் அதனைக் கருதுவர். கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கோ, அது ஒரு லேவாதேவிக்காரரின் பேரேட்டைத் திறந்து காட்டும் படமாகவே தோன்றியது.

மூலக்கதை சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட குறுநாவல். எபனேசர் ஸ்க்ரூஜ் என்னும் லண்டன் கருமியை, இறந்துபோன கூட்டாளி மார்லியின் ஆவியும் பின்னர் மூன்று ஆவிகளும் ஒரே இரவில் மனந்திருப்புகின்றன. கடனின் கொடுமை டிக்கன்ஸுக்குக் கேள்வியறிவன்று. 1824இல் தந்தை கடனுக்காகச் சிறைப்பட, பன்னிரண்டு வயதில் அவர் காலணி மைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

படத்தில் கருமியாக வருவது ஸ்க்ரூஜ் மெக்டக் என்னும் வாத்து. கார்ல் பார்க்ஸ் 1947இல் இப்பாத்திரத்தைப் படைத்தபோது டிக்கன்ஸின் கருமியிடமிருந்தே அதற்குப் பெயர் எடுத்தார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, பெயர் தந்தவரின் வேடமே வாத்துக்கு வாய்த்தது. மருமகனாக வருபவர் டொனால்ட் வாத்து. நாவலிலும் சித்திரக்கதையிலும் அது தாய்மாமன் உறவே.

படத்தின் நகைச்சுவை பெரும்பாலும் எண்களில் இருக்கிறது. எழுத்தர் பாப் கிராட்சிட்டாக வரும் மிக்கியின் நாட்கூலி இரண்டு ஷில்லிங் அரைப் பென்னி. அந்த அரைப் பென்னி மூன்றாண்டுகளுக்கு முன் அளித்த ஊதிய உயர்வு. முதலாளியின் அழுக்குத் துணிகளைத் துவைக்கத் தொடங்கியதற்காக! வாரத்துக்கு ஆறு நாள் என்று கொண்டால் 12 ஷில்லிங் 3 பென்னி. நாவலில் அதே எழுத்தருக்கு 15 ஷில்லிங். டிக்கன்ஸின் கருமியே மேல்.

காசுகளை எண்ணியபடி வாத்து வாய்விட்டுச் சொல்லும் வட்டி, நாள்தோறும் கூட்டப்படும் 80 சதவீதம். நூறு பவுன் கடனுக்குத் தனிவட்டியானால் ஆண்டுக்கு 80 பவுன். நாள்தோறும் வட்டி அசலோடு சேர்ந்தால் ஓராண்டில் வட்டி மட்டும் 122 பவுனைத் தாண்டும். இரண்டாண்டில் கடன் ஏறத்தாழ 494 பவுனாக நிற்கும். திரையரங்கில் எவரும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்.

நாவலில் ஸ்க்ரூஜின் காதலி, அவர் மனத்தில் தன் இடத்தைப் பொன் பிடித்துக்கொண்டதைக் கண்டு தானே விலகுகிறாள். படத்திலோ அவள் ஓர் அடமானக் கடனாளி. புதுமண வாழ்வுக்கென வாங்கிய குடிலின் தவணை ஒரு மணி நேரம் தாமதமாயிற்று என்பதற்காக, வருங்கால மணமகனே அக்குடிலைப் பறிமுதல் செய்கிறார். சிரிக்காமல் இருக்க முடியாது. ஆயினும் என்னை உறுத்திய காட்சி அதுவே.

ஒரு தவணை தவறியதும் கிளைப் பக்கமே வராமல், தொலைபேசியையும் எடுக்காமல் ஒதுங்கிவிடும் வாடிக்கையாளர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் மனத்திலுள்ள வங்கியாளர் இந்த வாத்துதான். நடைமுறை வேறு. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால்தான் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின்னும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு அளித்த பிறகே ஈட்டுச் சொத்தைக் கையகப்படுத்த முற்படலாம். தாமதத்துக்கான அபராதக் கட்டணத்தின் மீது வட்டி கணக்கிடுவதை ரிசர்வ் வங்கி 2024 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் தடுத்துள்ளது. எனவே நெருக்கடி வருமெனத் தெரிந்த அன்றே கிளைக்கு வந்து பேசுங்கள். முதல் மாதத்தில் எங்களால் செய்யக்கூடியது, ஐந்தாம் மாதத்தில் பெரும்பாலும் இயலாமற் போகிறது.

நாவலில் ஓர் இளந்தம்பதியர், கடன் கொடுத்தவர் இறந்தார் என்றறிந்து தம்மையறியாமல் நிம்மதி அடைவர். படம் அக்காட்சியை விட்டுவிட்டது எனக்குக் குறையே. ஆனால் துவைக்கும் துணியை மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் கிராட்சிட்டின் வாசலில் ஸ்க்ரூஜ் பெரிய மூட்டையோடு நின்று, இன்னும் ஒரு மூட்டை இருக்கிறது என்று அதட்டுகிறார். அழுக்குத் துணி என்றெண்ணி எழுத்தர் திகைக்க, மூட்டையிலிருந்து பொம்மைகள் உருண்டு விழுகின்றன.