தேடலுக்கான மூலதனமும் தேடுவோரின் சுயாதீனமும்

ஐக்கிய அமெரிக்காவில் வணிக முகாமைத்துவம் பயின்று வெளியேறும் இளைஞருள் ஒரு சாரார், புதிய தொழிலொன்றைத் தொடங்குவதிலும், இயங்கிவரும் சிறு நிறுவனமொன்றை வாங்கி நடத்துவதையே விரும்புகின்றனர். உரிமையாளர் முதுமையெய்தியும் பொறுப்பேற்க வாரிசின்றியும் உள்ள நிறுவனங்களே பெரும்பாலும் இவர்தம் நாட்டத்துக்குரியவை. தக்கதொன்றைக் கண்டடைய ஏறத்தாழ இரண்டாண்டுகள் செல்லலாம். அக்காலத்து வாழ்க்கைச் செலவையும் பயணச் செலவையும், சட்டத்தரணி, கணக்காளர் ஆகியோரின் கட்டணங்களையும் பொறுப்பவர் யார்? இது வெறும் கணக்கியல் வினாவன்று. வாங்கப்படும் நிறுவனம் எவருக்கு உரியதாகும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் வினாவாகும்.

இதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது தேடல் நிதியம். 1984ஆம் ஆண்டளவில் தோன்றிய இம்முறை, ஸ்ரான்போட் பல்கலைக்கழக வணிகக் கல்லூரிப் பேராசிரியர் இர்விங் குரூஸ்பெக்கின் பெயருடன் இணைத்துப் பேசப்படுவது. முதலீட்டாளர் பலர் தேடற் செலவைப் பகிர்ந்துகொள்வர். தேடல் தோற்பின் நட்டம் அவர்களுடையது. வெற்றி பெறின், வாங்குதலில் முதலிடும் முன்னுரிமை அவர்களுக்குண்டு. தேடலுக்கு இட்ட பணமும் பொதுவாக ஒன்றரை மடங்காகக் கணிக்கப்படும். தேடியவர் பெறக்கூடியது ஏறத்தாழ 25 சதவீதப் பங்கு. அதன் ஒரு கூறு வாங்கும்போதும், இன்னொரு கூறு சேவையாண்டுகளுக்கேற்பவும் கிட்டும். எஞ்சியது முதலீட்டாளர் பெறும் இலாப வீதத்தைப் பொறுத்தது. இயக்குநர் சபை விரும்பின் அவரை நீக்கவும் முடியும்.

இரண்டாவது, சொந்தச் சேமிப்பைக் கொண்டு தேடுதல். பெரும்பங்கு தேடுவோரிடமே தங்கும். ஆயின் வாங்குவதற்குக் கடன் வேண்டும். சிறு தொழில் நிர்வாகம் உத்தரவாதமளிக்கும் 7(அ) கடனின் உச்ச வரம்பு, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் 20 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் டொலராக உயர்த்தப்பட்டது. 20 சதவீதமோ அதற்கு மேலோ உரிமையுடையோர் இக்கடனுக்குத் தனிப்பட்ட பிணை நிற்றல் வேண்டும். தொழில் நொடித்தால் குடியிருக்கும் வீடும் ஆபத்துக்குள்ளாகலாம். மூன்றாவது, தனியொரு முதலீட்டு நிறுவனத்தின் அனுசரணையில் தேடுதல். இங்கு வருமானம் உறுதி. சுயாதீனமும் பங்கும் குறைவு.

ஆகவே, தெரிவு பணத்தைப் பற்றியது மட்டுமன்று; நட்டத்தைச் சுமப்பவர் யார், ஆணையிடுபவர் யார் என்பதைப் பற்றியதுமாகும். இரண்டாண்டுகள் ஊதியமின்றி வாழத்தக்க குடும்பச் செல்வம் உள்ளவருக்கே இரண்டாவது வழி இலகுவானது. முதலாவது வழி திறமைக்குத் திறந்த கதவுபோலத் தோன்றினும், அதன் திறவுகோல் பெரும்பாலும் புகழ்பெற்ற கல்லூரியொன்றின் பட்டமே. செல்வமற்ற திறமைசாலியைக் கடன் முதலாளியாக்குவது மூலதனத்தின் ஆட்சியைத் தளர்த்துவதில்லை, வலுப்படுத்துகின்றது என 1894இல் வெளிவந்த ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான அமிசமொன்றுண்டு. கடனும் வட்டியும் இறுதியில் அந்நிறுவனத்து உழைப்பாளர் ஈட்டும் உபரியிலிருந்தே தீர்க்கப்படுகின்றன. பேரத்திலோ அவர்களுக்கு இடமில்லை. விற்பனையே தீதென்பது இதன் பொருளன்று. வாரிசற்ற தொழில் மூடப்படின் முதலில் வேலையிழப்போர் அவர்களே. ஆயின், நிறுவனத்தின் எதிர்கால வருவாயைக் கொண்டே அதனை வாங்குதல் தனிமனிதருக்கு மட்டும் உரிய உபாயமன்று. அதே நாட்டின் 1974ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் ஊழியர் பங்குடைமைத் திட்டத்துக்குச் சட்ட வடிவம் அளித்தது. அங்கும் கடன் பெற்றே பங்குகள் வாங்கப்படலாம். அவை நம்பிக்கைப் பொறுப்பொன்றின் வழி ஊழியரைச் சென்றடையும். பங்குடைமை முழுமையான அதிகாரமாகிவிடாது என்பது உண்மையே. எனினும், உழைப்போர் தம் உழைப்பினாலேயே பிறரொருவரை உரிமையாளராக்க வேண்டும் என்பது பொருளாதார நியதியன்று என்பதை இத்திட்டம் உணர்த்துகின்றது.