அக்கிராசனம்

பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும் சரி, பாசனதாரர் கூட்டமானாலும் சரி, நமது தஞ்சைச் சீமையில் முதற் கவலை ஒன்றே: "அக்கிராசனம் வகிப்பவர் யார்?" ஒருவர் பிரேரேபிப்பார், மற்றொருவர் ஆமோதிப்பார். தெரிந்தெடுக்கப்பட்டவர், தமக்குத் தகுதியில்லை என்று கால் மணி நேரம் எடுத்துரைத்து, மீதி நேரத்தில் அதை நிரூபிப்பார். வந்தனோபசாரம் கூற நாம் எழும்போது சபையில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நாற்காலிகளே.

நான்கு கால் பலகைக்கு இத்தனை மகிமை ஏன்? நாற்காலி என்பது காலை எண்ணி வைத்த பெயர். இலங்கைத் தமிழர் வழங்கும் 'கதிரை' போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல். ஆனால் அக்கிராசனம் என்றால் முதல் ஆசனம். அரியணை என்றால் சிங்கம் தாங்கும் இருக்கை. பழந்தமிழில் 'கட்டில்' என்பதே அரசிருக்கையையும் குறித்தது. இருக்கையின் பெயர் அதிகாரத்தின் பெயராகிவிட்டது. யார் உட்காரலாம் என்ற வழக்கும் அதனோடு பிறந்தது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை நாம் வகுப்பில் பெருமிதத்தோடு போதிப்பதுண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை எடுத்து வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்கள். பதவி 360 நாள் மட்டுமே. கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்று, அவன் உறவினருக்கும் மறுபடி இடமில்லை. அந்த விதி இன்று அமுலுக்கு வந்தால் எத்தனை ஆசனங்கள் காலியாகுமோ!

ஆனால் வாரியத்தில் அமரக் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேத ஞானமும் வேண்டும். இதைச் சொன்ன அன்று ஒரு மாணவி எழுந்தாள்.

"நடவு நட்டவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், ஸார்?"

நம்மிடம் பதில் இல்லை. நம் சிறு பிராயத்தில் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலி ஒன்று கிடந்தது. அவர் வயலில் உழைத்தவர் முற்றத்தில் நின்றார். 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் பண்ணையாட்களைத் திரட்டிச் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்த பூமி இது. சவுக்கு ஒழிந்தது, நிற்கும் வழக்கம் அவ்வளவு சுலபமாய் ஒழியவில்லை.

1993இல் அமுலுக்கு வந்த 73ஆவது அரசியல் சாசனத் திருத்தம், தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஊராட்சித் தலைமையில் இடம் ஒதுக்கியது. ஆனால் கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் நடந்தது என்ன? தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் வீற்றிருந்த படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவிற்று. வழக்குப் பதிவாயிற்று. சட்டம் தலைமையைத் தந்தது. ஊர் நாற்காலியைத் தரவில்லை.

இவ்வாண்டு நம் பள்ளி விழாவுக்கு, வயல் வேலை செய்து வளர்ந்த ஓர் ஊராட்சித் தலைவியை அழைத்தோம். பிரேரேபித்தவள் அந்த மாணவியே. அம்மையார் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார். பேச எழுந்ததும் தகுதியின்மையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் எந்தத் தேதியில் வரும் என்று சொல்லி, இரண்டே நிமிஷத்தில் அமர்ந்தார். இம்முறை நன்றாகச் சாய்ந்து.

வந்தனோபசாரம் கூற நாம் எழுந்தபோது, சபை நிறைந்திருந்தது.