மருந்து சுமக்கும் குட்டிப் பைகள்

கையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாது. சோப்பு போட்டால் போய்விடும். ஏன்? சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது, எண்ணெய்தான் பிடிக்கும். வால்கள் பிசுக்கைப் பற்றிக்கொள்ளும். தலைகள் தண்ணீரோடு கிளம்பிவிடும். இப்படி இரட்டைக் குணம் உள்ள பொருள்களுக்குப் பரப்பு இயங்கிகள் என்று பெயர்.

இந்தக் குணத்தைக் கொண்டே மருந்து சுமக்கும் பைகளையும் செய்யலாம்!

ஸ்பான் 60 என்பது ஒரு பரப்பு இயங்கி. ரொட்டி செய்ய உதவும் உலர் ஈஸ்ட்டில்கூட இதைச் சேர்ப்பார்கள். இதையும் கொஞ்சம் கொலஸ்ட்ராலையும் ஒரு கரைப்பானில் கரைத்து, கரைப்பானை ஆவியாக்கினால், குடுவையின் உட்புறத்தில் மெல்லிய படலம் படியும். அதில் மருந்து கலந்த சூடான நீரை ஊற்றிக் குலுக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் வால்கள் ஒளிய இடம் தேடும். மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று, வால்களை நடுவில் மறைத்து, தலைகளை இருபுறமும் நீட்டும். அப்போதும் அந்தச் சுவரின் ஓரங்களில் வால்கள் நனையுமே? அதனால் சுவர் வளைந்து, ஓரமே இல்லாத உருண்டையாக மூடிக்கொள்ளும். யாரும் தைக்கவில்லை, யாரும் ஒட்டவில்லை! மூடும்போது மருந்து நீரும் உள்ளே மாட்டிக்கொள்ளும். இதுதான் நியோசோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் வரும் அளவுக்குக்கூட இதைச் சிறிதாகச் செய்யலாம்.

நீரில் கரையும் மருந்து பையின் நடுவில் இருக்கும். எண்ணெயில் கரையும் மருந்து சுவரில் வால்களுக்கு இடையே தங்கும். கொலஸ்ட்ரால் சுவரின் இடைவெளிகளை அடைப்பதால் மருந்து ஒரேயடியாகக் கொட்டாமல் மெல்லக் கசியும்.

நியோசோமுக்கு ஓர் அண்ணன் உண்டு: லிப்போசோம். அதன் சுவர் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளால் ஆனது. 1960களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே அலெக் பாங்கம் என்ற விஞ்ஞானி அதைக் கண்டறிந்தார். நியோசோம் 1970களில் பிரான்சில் அழகுப் பொருள்கள் செய்யும் லோரியல் நிறுவனத்தில் பிறந்தது. தம்பிக்கான மூலப்பொருள்கள் விலை குறைவு. எளிதில் கெட்டும் போகாது.

இத்தகைய பைகள் எவ்வளவு பெரிய உதவி என்பதைக் காலா அசார் நோயில் பார்க்கலாம். மணல் ஈ கடிப்பதால் பரவும் இந்த நோய், பீகாரில் ஏழைக் குடும்பங்களை நெடுங்காலம் வாட்டியது. இதன் ஒட்டுண்ணி நம் உடலைக் காக்கும் விழுங்கு செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழும். ஆம்போடெரிசின் பி என்ற மருந்து அதைக் கொல்லும். ஆனால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதே மருந்தை லிப்போசோமில் ஏற்றினால்? வெளியிலிருந்து வந்த துகள் என்று விழுங்கு செல்கள் பையை விழுங்குகின்றன. மருந்து நேராக ஒட்டுண்ணி இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது! சிறுநீரகத்துக்கு வரும் கேடும் வெகுவாகக் குறைகிறது. நியோசோமை வைத்தும் காலா அசார் மருந்துகளை ஆய்வகங்களில் சோதித்திருக்கிறார்கள்.

முன்பு இந்த நோய்க்குப் பல வாரங்கள் ஊசி போட வேண்டியிருந்தது. 2014 முதல் இந்தியாவின் காலா அசார் ஒழிப்புத் திட்டத்தில், லிப்போசோமில் ஏற்றிய இந்த மருந்தை ஒரே ஒரு முறை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள்.