பழைய உயிலில் உறவுச் சொற்கள்

1616 மார்ச்சில் எழுதி முடித்த தம் உயிலில் ஷேக்ஸ்பியர், எலிசபெத் ஹால் என்ற சிறுமியை ‘நீஸ்’ என்கிறார். இன்றைய வழக்கில் அது உடன்பிறந்தவரின் மகள். அதை அப்படியே நம்பி வம்சாவளி வரைபவர், ஹால் குடும்பத்தில் மணமுடித்த ஒரு சகோதரியைக் கவிஞருக்குப் புதிதாகப் படைத்துவிடுவார். ஸ்ட்ராட்ஃபர்டு தேவாலயப் பதிவேடோ, 1608இல் ஞானஸ்நானம் பெற்ற எலிசபெத்தை ஜான் ஹாலின் மகள் என்கிறது. ஜான் ஹால் ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசன்னாவின் கணவர். ஆகவே எலிசபெத் பேத்தி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நீஸ் பேத்தியையும், ‘நெவ்யூ’ பேரனையும் குறித்தன. ‘கசின்’ என்றால் அண்ணன் மகன் முதல் தூரத்துச் சொந்தம் வரை யாராகவும் இருக்கலாம். ‘சன்-இன்-லா’ மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம்.

சட்டச் சொற்கள் இதற்கு நேர்மாறானவை. அவற்றின் பொருள் இறுக்கமானது. அக்கால உயிலில் ‘இன்ஃபண்ட்’ என்றால் கைக்குழந்தை அல்ல, 21 வயது நிரம்பாதவர். இருபது வயது இளைஞனும் அதில் அடக்கம். எழுதாமல் விட்டதற்கும் பல நேரம் சட்டமே காரணம். உயிலில் சொல்லப்படாத நிலம் அன்று பொதுவாக மூத்த மகனைத்தான் சேர்ந்தது என்பதால், அவன் பெயரே இல்லாத உயில்கள் உண்டு. அவன் இறந்துவிட்டான் என்று அதைக்கொண்டு முடிவுகட்டக் கூடாது. ஒரு மகளுக்கு ஒரு ஷில்லிங் மட்டும் எழுதியிருந்தால் பகை என்று பலர் கருதுகிறார்கள். திருமணத்தின்போதே அவள் பங்கு கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பதை முதலில் ஆராய்வதே நியாயம். 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மணமான பெண் கணவனின் சம்மதமின்றி உயில் எழுதுவது அரிது. அதனால் பெண்ணின் பழைய உயில் கிடைத்தால், அவள் கைம்பெண் அல்லது மணமாகாதவள் என்ற ஊகத்திலிருந்து தொடங்கலாம்.

உறவுச் சொற்கள் இவ்வளவு நெகிழ்ந்தால் ஆய்வாளர் தமக்கு வேண்டிய பொருளை ஏற்றிக்கொள்ள மாட்டாரா? பதிவேடுகளோடு ஒப்பிடாதவர் அப்படித்தான் செய்வார். ஆனால் சொல் எந்தெந்தப் பொருளுக்கு இடம்கொடுக்கும் என்று தெரிந்தவர், ஒவ்வொன்றையும் பதிவேட்டில் சோதித்துப் பார்ப்பார். ‘சன்-இன்-லா’ என்று உயில் சொல்பவரின் குடும்பப் பெயரும், உயில் எழுதியவரின் மனைவிக்கு முதல் கணவரால் வந்த பெயரும் ஒன்றானால், மருமகனைத் தேடுவதை நிறுத்திவிட்டு அவளுடைய முதல் திருமணப் பதிவைத் தேட வேண்டும்.